கண்ணை வித்து காசு வாங்கலாமா?

நாணயம் சேகரிக்கிற நண்பர்கள் மத்தியில இப்போ ஒரே ஒரு கேள்விதான் ஓடிக்கிட்டிருக்கு. "ஸ்லாப் இருக்கா?" இருந்தா அடுத்த கேள்வி, "என்ன நம்பர்?" அவ்வளவுதான். எந்த வருஷம், எந்த நாணயச்சாலை, அச்சு நல்லா விழுந்திருக்கா, மினுக்கு இயற்கையானதா, எவனாவது புளி போட்டுத் தேய்ச்சிருக்கானா... ம்ஹூம். எதுவும் கேக்கறதில்லை. காசைப் பாக்காமலே காசு வாங்கறோம். இதுக்குப் பேரு சேகரிப்பாம்!

இந்தப் பக்கம் வராதவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஸ்லாப்னா ஒண்ணும் இல்லை, திறக்க முடியாத மாதிரி ஒட்டின ஒரு கெட்டி பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஒரு காசு. மேலே ஒரு சீட்டு. அந்தச் சீட்டுல 1 முதல் 70 வரைக்கும் ஒரு எண். அமெரிக்காவுல இதுக்குன்னே கம்பெனிகள் இருக்கு. 1986ல கடையைத் திறந்த பிசிஜிஎஸ், 1987ல வந்த என்ஜிசி ரெண்டும்தான் பெரிய தலைகள். காசையும் பணத்தையும் அனுப்பினா, பாத்து, எண் போட்டு, டப்பாவுல அடைச்சுத் திருப்பி அனுப்புவாங்க. 60க்கு மேல இருந்தா புழக்கத்துக்கே போகாத காசு. 70ன்னா அஞ்சு மடங்கு பெரிசாக்கிப் பாத்தாலும் குறை சொல்ல முடியாத காசு.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். இந்தக் கம்பெனிகள் ரெண்டு பொருளை ஒரே டப்பாவுல போட்டு விக்கறாங்க. ஒண்ணு, "இது அசல்" அப்படிங்கற உத்தரவாதம். இது உண்மையிலேயே உபயோகமான சரக்கு. இன்னொண்ணு, அந்த எண். இது வெறும் அபிப்பிராயம். அசல்ங்கற உத்தரவாதத்து மேல நமக்கு இருக்கிற நம்பிக்கையை, எண் வந்து திருட்டு ரயில் ஏறி அனுபவிச்சுக்கிட்டிருக்கு. விலையைத் தூக்கறது முக்கால்வாசி அந்த எண்தான்.

எதிர்க்கட்சிக்கு நியாயமா கொடுக்க வேண்டியதைக் கொடுத்துடுவோம். 1893ல சான் பிரான்சிஸ்கோவுல அடிச்ச மோர்கன் டாலர் மொத்தமே ஒரு லட்சம்தான். அதனால வேற ஊர்ல அடிச்ச 1893 காசுல ஒரு குட்டி 'எஸ்' எழுத்தை ஒட்டி விக்கிற ஆசாமிகள் ரொம்ப காலமாவே இருக்காங்க. 1909ம் வருஷத்து எஸ் விடிபி சென்ட், 1916ம் வருஷத்து டென்வர் டைம், எல்லாத்துலயும் இதே தில்லுமுல்லு உண்டு. இந்த மாதிரி காசை வாங்கும்போது ஸ்லாப் வேணும்னு கேக்கறவரை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் கேப்பேன். அந்தக் காலத்துல வியாபாரி உங்ககிட்ட வாங்கும்போது "கொஞ்சம் தேய்ஞ்சிருக்கு சார்"ம்பார். அதே காசை மறுநாள் விக்கும்போது "கை படாத சரக்கு சார்"ம்பார். அந்த அராஜகத்துக்கு ஒரு கடிவாளம் போட்டதும் இந்தக் கம்பெனிகள்தான். மறுக்கலை.

ஆனா பாருங்க, ஆரம்பத்துல இது அசலா போலியாங்கற கேள்வியோட நின்ன சமாச்சாரம். அமெரிக்க நாணயவியல் சங்கம் 1972ல சான்றிதழ் சேவை தொடங்கினப்போ அதை மட்டும்தான் பாத்துச் சொன்னாங்க. 1979லதான் தரமும் போட ஆரம்பிச்சாங்க. அசலா போலியாங்கறதுக்கு ஒரே ஒரு சரியான விடை உண்டு. 64ஆ 65ஆங்கறதுக்கு? அங்கதான் ஆரம்பிச்சது வினை.

சரி, இந்த 70 எங்கேருந்து வந்ததுன்னு யாராவது யோசிச்சிருக்கீங்களா? நூத்துக்கு மார்க் போடலாம், பத்துக்குப் போடலாம். அதென்ன எழுபது?

வில்லியம் ஷெல்டன்னு ஒரு அமெரிக்க உளவியலாளர். மனுஷ உடம்பையெல்லாம் மூணு வகையாப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் 1லேருந்து 7 வரைக்கும் மார்க் போட்டவர் (சிரிக்காதீங்க, அந்தக் காலத்துல அது பெரிய ஆராய்ச்சி). அவருக்கு 1793 முதல் 1814 வரைக்கும் வந்த பெரிய செம்பு சென்ட் காசுகள்னா உயிர். 1949ல அதைப் பத்தி ஒரு புத்தகம் போட்டார். அதுல வந்ததுதான் இந்த 1 முதல் 70. கணக்கு ரொம்ப எளிசு. ஒரு வகைக் காசு படு மோசமான நிலையில 1 டாலர் போகும்னா, 20ம் தரம் 20 டாலர் போகும், 70ம் தரம் 70 டாலர் போகும். அதாவது அந்த எண் தரத்தை அளக்கப் பொறந்ததே இல்லை. அது விலையைப் பெருக்கற வாய்ப்பாடு! அதுவும் ஒரே ஒரு வகைச் செம்புக் காசுக்கு, அன்னைய மார்க்கெட்டுக்கு மட்டும்.

மார்க்கெட் மாறிச்சு, வாய்ப்பாடு செத்துப்போச்சு. எண் மட்டும் சாகலை. அதைத் தூக்கிட்டு வந்து வெள்ளிக்கும் தங்கத்துக்கும் நேத்து அடிச்ச காசுக்கும் ஒட்டிட்டாங்க. விலையிலேருந்து வந்த எண்ணை வச்சு இப்போ விலையைத் தீர்மானிக்கறோம். வால் நாயை ஆட்டுதுய்யா.

இன்னொரு கூத்து. அதே ஷெல்டன், அமெரிக்க நாணயவியல் கழகத்தோட சேகரிப்புலேருந்த நல்ல நல்ல செம்புக் காசுகளை எடுத்துக்கிட்டு, அந்த இடத்துல தன்னோட மட்டமான காசுகளை மாத்தி வச்சிருக்கார். 1977ல அவர் செத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்து கோர்ட்டு வரைக்கும் போச்சு. வேலியே பயிரை மேய்ஞ்ச கதை. நம்ம தர அளவுகோலோட மூலபுருஷர் இவர்தான். கும்பிட்டுக்கோங்க.

"அட, அது பழைய கதை, இப்போ எல்லாம் விஞ்ஞானபூர்வமா நடக்குது"ன்னு ஒரு ஜல்லி உண்டு. விஞ்ஞானமாவது மண்ணாவது. சாதாரணக் காசா இருந்தா, ஒரு ஆள் விளக்கு வெளிச்சத்துல சில விநாடி திருப்பிப் பாப்பார், ஒரு எண் சொல்வார். இன்னொருத்தர் பாப்பார். ஒத்துப்போனா முடிஞ்சது. அவங்க திறமைசாலிகள்தான், சந்தேகமே இல்லை. ஆனா மனுஷக் கண்ணு. "எங்க தரம் ஒரே சீரானது, நடுநிலையானது"ன்னு பிசிஜிஎஸ் விளம்பரம் பண்ணினப்போ, 1990ல அமெரிக்க அரசோட ஃபெடரல் டிரேட் கமிஷனே அது தப்பான விளம்பரம்னு பிடிச்சுது. கம்பெனி சமரசத்துக்கு வந்து, இந்தச் சான்றிதழால எல்லா ஆபத்தும் போயிடாதுன்னு விளம்பரத்துல சொல்ல ஒத்துக்கிட்டுது. கம்பெனியே ஒத்துக்கிட்டதை நம்ம ஆளுங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க!

இந்தக் கண்ணோட்ட வித்தியாசம் பைசாக் கணக்குல இருந்தா நான் ஏன் இவ்வளவு கத்தறேன்? 1884ல சான் பிரான்சிஸ்கோவுல அடிச்ச மோர்கன் டாலரை எடுத்துக்கோங்க. அடிச்சது 32 லட்சம். நல்லாத் தேய்ஞ்ச காசு, நம்மளை மாதிரி ஆளுங்ககூட யோசிக்காம வாங்கற விலைக்குக் கிடைக்கும். 65ம் தரம்னா லட்சம் டாலரைத் தாண்டும். சரி, அது உண்மையிலேயே அபூர்வம், விடுங்க. 58க்கும் 62க்கும் நடுவுல பாருங்க. 58ன்னா லேசாப் புழங்கினது, 62ன்னா புழங்காதது. விலையில பல ஆயிரம் டாலர் வித்தியாசம். எதை வச்சு முடிவு பண்றாங்க? சுதந்திர தேவி காதுக்கு மேல இருக்கிற முடியில லேசா ஒரு தேய்மானம் தெரியுதா இல்லையாங்கறதை வச்சு. அச்சு சரியா அழுத்தலைன்னாலும் அதே இடம் தேய்ஞ்ச மாதிரிதான் தெரியும். அடிக்கும்போதே மழுங்கினதா, பையில கிடந்து மழுங்கினதான்னு சொல்ல வேண்டியது அந்தச் சில விநாடிப் பார்வை.

இப்போ வியாபாரி மூளை எப்படி வேலை செய்யும்? காசு 64ன்னு வந்திருக்கு. 65 ஆனா ஆயிரம் டாலர் கூட வரும். திரும்ப அனுப்பக் கட்டணம் சில பத்து டாலர். டப்பாவை உடை, திரும்ப அனுப்பு. வரலையா? திரும்ப உடை, திரும்ப அனுப்பு. இதுக்கு 'கிராக் அவுட்'னு பேரே வச்சிருக்காங்க. லாட்டரி மாதிரிதான், ஆனா சீட்டு விலை கம்மி, எத்தனை தடவை வேணும்னாலும் கிழிக்கலாம்.

இங்கதான் கொஞ்சம் நின்னு யோசிக்கணும். உடைக்கறது எந்தக் காசை? எண் குறைச்சலாப் போட்டுட்டாங்கன்னு தோணற காசை. உடைக்காமலே விடறது எந்தக் காசை? தகுதிக்கு மீறி எண் வாங்கின காசை. அதை எவன் உடைப்பான்? அதிர்ஷ்டம்னு பத்திரமா வச்சு, சமயம் பாத்து யார் தலையிலயாவது கட்டுவான். ஆக, வருஷம் போகப் போக குறைச்சல் எண் வாங்கின நல்ல காசெல்லாம் மேலே ஏறிடுது. கூடுதல் எண் வாங்கின சுமார் காசெல்லாம் டப்பாவுலயே தங்கிடுது. யாரும் ஏமாத்த வேண்டாம், கம்பெனி யோக்கியமாவே நடக்கட்டும், இந்த ஒரு வழி சல்லடையே போதும். கடையில கிடக்கற 65ல நிறைய 65க்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கும். அதைக் கண்ணு மூடிட்டு 65 விலை கொடுத்து வாங்கறவர் யாரு? "நம்பரைப் பாத்து வாங்கினா சேஃப்"னு சொன்ன அதே புண்ணியவான்தான்.

இது என் கற்பனைன்னு நினைக்கறவங்களுக்கு ஒரு சாட்சி. பிசிஜிஎஸ் நிறுவனர்கள்ல ஒருத்தரும் என்ஜிசியை ஆரம்பிச்சவருமான ஜான் ஆல்பனீஸ், 2007ல சிஏசின்னு இன்னொரு கம்பெனி ஆரம்பிச்சார். என்ன வேலை? ஏற்கெனவே டப்பாவுல அடைச்ச காசைத் திரும்பப் பாத்து, "ஆமாம், இந்த எண்ணுக்கு இது தகுதியான காசுதான்"னு பச்சை ஸ்டிக்கர் ஒட்டறது. எண்ணைவிட ஒசத்தியா இருந்தா தங்க ஸ்டிக்கர். எண் நம்பகமானதா இருந்தா ஸ்டிக்கர் எதுக்குங்க? ஸ்டிக்கர் வந்ததும் ஸ்டிக்கர் உள்ள காசு விலை ஏறிச்சு, இல்லாத காசைப் பாத்து "ஏன் ஒட்டலை?"ன்னு கேள்வி வந்துது. 2023ல அவங்களும் சொந்தமா டப்பா போட ஆரம்பிச்சுட்டாங்க. சீட்டுக்கு ஒரு சீட்டு, அந்தச் சீட்டுக்கும் ஒரு டப்பா. இன்னும் எத்தனை அடுக்கு வருமோ.

அபூர்வம்ங்கற வார்த்தைக்கே அர்த்தம் மாறிப்போனதுக்கு ஒரு உதாரணம். 1995ல வெஸ்ட் பாயின்ட்ல அடிச்ச ப்ரூஃப் சில்வர் ஈகிள். மொத்தம் 30,125 காசு. தனியா விக்கலை, நாலு தங்கக் காசோட சேத்து 999 டாலருக்கு வித்த செட்டுல வந்தது. 2013ல, பிசிஜிஎஸ் 70 போட்ட ஒரு காசு ஏலத்துல 86,655 டாலருக்குப் போச்சு. ஒரு அவுன்ஸ் வெள்ளி! 69 போட்ட அதே காசு அப்போ சில ஆயிரம் டாலர்தான். ரெண்டையும் டப்பாவுலேருந்து எடுத்து மேசையில வச்சா, எது எதுன்னு வாங்கினவர் சொல்வாரா? அப்புறம் என்ன ஆச்சு? அந்த விலையைப் பாத்த அத்தனை பேரும் தங்கள் காசை அனுப்பினாங்க. 70 எண்ணிக்கை கூடிச்சு. விலை பாதிக்கும் ரொம்பக் கீழே போச்சு. நாணயச்சாலை அடிச்ச 30,125ல ஒண்ணுகூட கூடலை, ஒண்ணுகூட குறையலை. அபூர்வமா இருந்தது காசு இல்லை மக்களே, சீட்டு. சீட்டை எவ்வளவு வேணும்னாலும் அச்சடிக்கலாம்.

சீட்டு விளையாட்டு அதோட நிக்கலை. 'ஃபர்ஸ்ட் ஸ்டிரைக்'னு ஒரு சீட்டு. அச்சு புதுசா இருக்கும்போது முதல்ல அடிச்ச காசுன்னுதானே தோணும்? இல்லை. வெளியீட்டுக்கு அப்புறம் முதல் 30 நாளுக்குள்ள கம்பெனி கைக்கு வந்து சேந்த காசு. அவ்வளவுதான்! எந்தக் காசு எந்த வரிசையில அடிச்சதுன்னு நாங்க கணக்கே வைக்கறதில்லைன்னு அமெரிக்க நாணயச்சாலையே சொல்லிடுச்சு. கூரியர் சீக்கிரம் போனதுக்குக் கூடுதல் காசு கொடுக்கறோம்.

இதுல யாரு யாரு என்னென்ன பண்றாங்கன்னு பாருங்க. காசுக்கு எண் போடறது கம்பெனி. அந்த எண்ணுக்கு என்ன விலைன்னு விலைப்பட்டியல் வெளியிடறதும் அதே கம்பெனி. ஒவ்வொரு எண்ணுலயும் எத்தனை காசு இருக்குன்னு கணக்கு வெளியிடறதும் அவங்கதான் (உடைச்சுத் திரும்ப வந்த காசு, பழைய சீட்டைத் திருப்பிக் கொடுக்கலைன்னா, அதுல ரெண்டு தடவை எண்ணப்படும்). யாரோட சேகரிப்புல பெரிய எண் இருக்குன்னு போட்டி நடத்தறதும் அவங்கதான். காசு விலை ஏற ஏற அவங்க வாங்கற கட்டணமும் ஏறும். பரீட்சை வைக்கறவர், மார்க் போடறவர், டியூஷன் எடுக்கறவர், கைடு விக்கறவர் எல்லாம் ஒரே வாத்தியார். நான் யாரையும் திருடன்னு சொல்லலை. ஆனா நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துல இப்படி நடந்தா சும்மா இருப்போமா?

"இப்படி எண் இருக்கறதாலதான் காசு ஒரு முதலீடா ஆச்சு"ன்னு சொல்றவங்களுக்கு ஒரே வார்த்தை: 1989. எண் இருக்கு, காசைப் பாக்காமலே பங்கு மாதிரி வாங்கி விக்கலாம்னு வால் ஸ்ட்ரீட் பணம் உள்ளே வந்துது. அந்த வருஷ நடுவுல விலை உச்சாணிக் கொம்புல. 1990ல பொத்துன்னு விழுந்துது. பங்குக்குப் பின்னாடி ஒரு தொழிற்சாலையாவது ஓடும். எண்ணுக்குப் பின்னாடி என்ன ஓடுது? அடுத்தவன் கூடக் கொடுப்பான்ங்கற நம்பிக்கை மட்டும்தான்.

இப்போ இந்த மோகம் நம்ம பழங்காசுப் பக்கமும் வந்திருக்கு. இதுதான் எனக்கு ரொம்ப எரிச்சல். ராஜராஜ சோழன் செப்புக்காசைப் பாத்திருப்பீங்க. ஒரு பக்கம் நிக்கற உருவம், மறுபக்கம் உக்காந்த உருவம், பக்கத்துல நாகரி எழுத்துல ராஜராஜன் பேரு. கையால சுத்தியல் வச்சு அடிச்சது. ஒண்ணுல எழுத்து விழுந்திருக்கும், தலை வெளியே போயிருக்கும். இன்னொண்ணுல தலை இருக்கும், எழுத்து இருக்காது. மண்ணுல கிடந்து பாசி பிடிச்சிருக்கும். எந்திரத்துல அடிச்ச டாலருக்கு வச்ச முழக்கோல் இதுக்குப் பொருந்தவே பொருந்தாது. என்ஜிசிகூட பழங்காசுக்கு 70 எண் போடறதில்லை. அச்சுக்கு அஞ்சுக்கு இத்தனை, மேற்பரப்புக்கு அஞ்சுக்கு இத்தனைன்னு தனி மார்க். அதைவிட முக்கியம், பழங்காசுக்கு அசல்ங்கற உத்தரவாதம் அவங்க தர்றதில்லை! எந்த ஒரு காரணத்துக்காக ஸ்லாப் வேணும்னு நான் ஒத்துக்கிட்டேனோ, அதே காரணம் நம்ம பழங்காசுல இல்லை. மிச்சம் இருக்கறது டப்பா மட்டும்.

இன்னொண்ணும் சொல்லணும். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு, 1972ம் வருஷத்துச் சட்டப்படி இந்தியாவுல பழம்பொருள். தனி ஆள் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. சோழன் காசு மட்டும் இல்லை, 1911ல வந்த பன்றி ரூபாயும் இப்போ அந்தக் கணக்குலதான் வரும். வெளிநாட்டுலயே கிடந்து, அங்கேயே டப்பாவுக்குள்ள போன காசும் உண்டு, அது வேற. ஆனா "நம்பர் வந்தா நாலு மடங்கு போகும் சார், அனுப்பிடலாம்"னு யாராவது வந்தா, முதல்ல சட்டத்தைக் கேளுங்க.

அப்போ என்னதான் செய்யணும்ங்கறீங்களா?

அடிக்கடி போலி வர்ற, விலை கூடின காசா? டப்பாவோட வாங்குங்க. ஆனா டப்பாவுக்கே போலி உண்டு. பிசிஜிஎஸ், என்ஜிசி ரெண்டு பேருமே 2008லயே எச்சரிக்கை விட்டிருக்காங்க. அதனால சீட்டு எண்ணை அவங்க பட்டியல்ல சரிபாருங்க, படம் இருந்தா காசோட ஒப்பிட்டுப் பாருங்க. மத்தபடி அஞ்சு மடங்கு லென்ஸ் ஒண்ணு, ஒரு நல்ல மேசை விளக்கு. ஒரே காசுல பத்தை வரிசையா வச்சு, சீட்டை மறைச்சுட்டு, உங்களுக்கு எது பிடிக்குதுன்னு பாருங்க. ஒரு படி மேல இருக்கிற எண்ணுக்கு ரெண்டு மடங்கு விலை கேட்டா, அந்த வித்தியாசத்தை என் கண்ணுக்குக் காட்டுன்னு வியாபாரிகிட்ட கேளுங்க. காட்ட முடியலைன்னா, அந்த வித்தியாசம் காசுல இல்லை.

நமக்கு இந்தப் பொழுதுபோக்குல கிடைச்ச ஒரே சொத்து பாக்கற கண்ணுதான். நாலு காசை உருட்டிப் பாத்து, ரெண்டு பெரியவங்ககிட்ட திட்டு வாங்கி, மெல்ல மெல்ல வர்றது. அதை ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டுட்டு, அவங்க சொன்ன எண்ணை ஒப்பிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறதுக்குப் பேரு சேகரிப்பு இல்லை. கண்ணை வித்து சித்திரம் வாங்கறதும்பாங்களே, அது இதுதான். அதுலயும் சித்திரம்கூட இல்லை, சித்திரத்தோட சட்டம்!

டிஸ்கி: "உன்கிட்ட 70 இல்லை, அதான் பொறாமை"ன்னு பின்னூட்டம் போட நினைக்கறவங்க தாராளமாப் போடலாம். கூடவே உங்க 70ஐயும் ஒரு 69ஐயும் சீட்டை மறைச்சுப் படம் எடுத்துப் போடுங்க. எது எதுன்னு எல்லாரும் சேந்து கண்டுபிடிப்போம் :-)